வந்த வழியே போகாதவை

2000களின் நடுப்பகுதியில் நாம் பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் மதிய உணவு இடைவேளையின் கடைசி இருபது நிமிடங்கள் நமக்குரியவை. கதைகள், கடிதங்கள், பாதியில் நின்ற மொழிபெயர்ப்புகள் எல்லாம் அந்த இருபது நிமிடங்களில்தான் தட்டச்சாயின. தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பை வேண்டும். அலுவலக அனுமதிப் பட்டியலில் கலப்பை இல்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை நிறுவுவோம், வெள்ளி வரை எழுதுவோம், திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் கலப்பை இருக்காது. யாரும் நம் மேசைக்கு வந்திருக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாரயிறுதி இரவில் எங்கோ ஓர் அறையிலிருந்த சர்வர், பட்டியலில் இல்லாதவற்றைத் தேடி எடுத்து எறிந்துவிட்டுப் போயிருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் நிறுவுவோம். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் இந்த விளையாட்டு நடந்தது. பெயர் தெரியாத அந்தச் சர்வர்மீது நமக்குப் பகை ஏதும் உண்டானதாக நினைவில்லை. ஒருவகை மரியாதைகூட இருந்தது.

அதே கணிப்பொறியில் இன்னொன்றும் இருந்தது. நிர்வாகமே எல்லா இயந்திரங்களிலும் இறக்கிவைத்த ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள். ஒப்பந்தக் காலம் முடிந்து நிர்வாகம் வேறொரு நிறுவனத்துக்கு மாறியபோது புதிய மென்பொருள் வந்து இறங்கியது, பழையது போகவில்லை. ஒன்று திறந்த கோப்பை மற்றொன்று சோதிக்க, அது சோதிப்பதை முதலாவது சந்தேகிக்க, ஓர் எக்செல் கோப்பு திறப்பதற்குள் கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். நீக்க முயன்றால் கடவுச்சொல் கேட்டது. அதை வைத்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். கடவுச்சொல்லை மாற்ற வல்ல சர்வரையோ, ஒப்பந்தம் முடிந்ததே என்று, முதல் வேலையாகத் துடைத்து வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாம் நிறுவியது ஒரே இரவில் போயிற்று. அவர்கள் நிறுவியது அவர்களே போகச் சொல்லியும் போகவில்லை. இந்த முரண் அப்போது வேடிக்கையாகத் தோன்றியது. பின்னர் படிக்கப் படிக்க, இதற்கு ஒரு சரித்திரம் இருப்பதும், அது வேடிக்கையோடு நின்றுவிடுவதல்ல என்பதும் தெரியவந்தது.

டாஸ் காலத்தில் நீக்கம் என்பது ஒரு கேள்வியே அல்ல. ஒரு நிரல் என்றால் ஒரு கோப்புறை. கோப்புறையை அழித்தால் நிரல் போயிற்று. 1993ல் வந்த எம்எஸ்-டாஸ் 6 இதற்கென்றே 'டெல்ட்ரீ' என்னும் கட்டளையைக் கொடுத்தது. மரத்தை அழி என்று பொருள்படும் பெயர். கிளை, இலை எல்லாம் ஒரே வெட்டில் போகும். விண்டோஸ் வந்ததும் இந்த எளிமை முடிவுக்கு வந்தது. நிரல்கள் தம் வீட்டோடு இராமல், பொதுச் சொத்தான சிஸ்டம் கோப்புறையில் டிஎல்எல் என்னும் பொதுநூலகக் கோப்புகளைப் போட்டன, பிற நிரல்கள் போட்டவற்றை மாற்றி எழுதின, அமைப்புக் கோப்புகளில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டன. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்து வீட்டுச் சுவர் சரியும் நிலை. 'கிளீன்ஸ்வீப்' போன்ற துப்புரவு மென்பொருள்கள் தனியாக விலைக்கு விற்றதே நோயின் அளவைச் சொல்லும்.

1995ல் விண்டோஸ் 95 கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'சேர் அல்லது நீக்கு' என்றொரு பகுதியைத் திறந்தது. விண்டோஸ் 95க்கான முத்திரையைத் தன் பெட்டியில் அச்சிட விரும்பும் நிரல், தன்னை நீக்கிக்கொள்ளும் வழியையும் தானே தரவேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை விதித்தது. ஆக, வெளியேறும் வழி வந்தவரிடமே ஒப்படைக்கப்பட்டது. இதன் விளைவு ஒன்று வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்: நீக்கம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பொதுக் கோப்பை வேறெந்த நிரலும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, இதை அழிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்து நம்மைக் கேட்கும். கணிப்பொறிக்கே தெரியாதது நமக்கு எப்படித் தெரியும்? பயந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். துணிந்தவர்கள் சரி என்றார்கள். மறுநாள் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை.

இவையெல்லாம் ஒற்றை இயந்திரத்தின் கதை. ஐந்தாயிரம் இயந்திரங்கள் உள்ள அலுவலகத்தில் ஒருவர் நெகிழ்வட்டுகளோடு மாடி மாடியாய் ஏறி இறங்குவது நடவாது. 1994ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர்' இந்தத் தேவைக்குப் பிறந்தது. நடுவிலிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் மென்பொருளை அனுப்பலாம், எங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கலாம். 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 இதே எண்ணத்தை 'குரூப் பாலிசி' வழியாக இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அதில் ஓர் அழகிருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கணிப்பொறிகள் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டு, துறைக்குத் துறை மென்பொருள் ஒதுக்கப்படும். கணக்குத் துறையிலிருந்து விற்பனைத் துறைக்கு ஓர் இயந்திரத்தின் பெயரை மாற்றினால், குமாஸ்தாவுக்கு இடமாற்ற உத்தரவு வந்தாற்போல, கணக்கு மென்பொருள் தானே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். நிர்வாக எல்லைக்கு வெளியே போனால் நீக்கிவிடு என்று ஒரு கட்டம் உண்டு. நிர்வாகி அதில் ஒரு குறியிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குறியை இட மறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. இடாதபோது மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். உத்தரவு போட்டவருடைய பட்டியலில் மட்டும் அதன் பெயர் இராது. ஆளில்லாத சொத்து என்று சட்டத்தில் சொல்வார்களே, அதன் எதிர்ப்பதம் இது. சொத்து இருக்கிறது, ஆட்சியும் செய்கிறது, சொந்தக்காரர்தான் இல்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' என்னும் அடித்தளத்தின்மேல் நின்றது. நிறுவும்போது செய்ததையெல்லாம் ஒரு பேரேட்டில் எழுதிவைத்து, நீக்கும்போது அதைப் பின்னோக்கி வாசிப்பது அதன் முறை. அந்தப் பேரேட்டுக்கான எம்எஸ்ஐ கோப்புகள் விண்டோஸ் கோப்புறைக்குள் கண்ணுக்கு மறைந்த ஓர் அறையில் இருக்கும். வட்டில் இடம் போதவில்லை என்று ஒரு நல்ல மனிதர் அந்த அறையைக் காலி செய்துவிட்டால், பிறகு எந்த நிரலும் நீங்காது; நிறுவியபோது இருந்த குறுந்தகட்டைக் கொண்டுவா என்று கேட்கும். இவ்வாறு சிக்கிக்கொண்டவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு சுத்திகரிப்புக் கருவியை இலவசமாக வைத்திருந்தது. அது நிரலை நீக்காது. பேரேட்டில் உள்ள பக்கத்தைக் கிழித்துவிடும். மற்ற நிரல்களையும் அது சேதப்படுத்துவதாகத் தெரியவந்து 2010ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்னொரு விசித்திரமும் சொல்லத் தக்கது. ஒரு கணிப்பொறியில் என்னென்ன நிறுவப்பட்டுள்ளன என்று நிர்வாகிகள் கேட்கும் வழிகளில் ஒன்று, 'வின்32 பிராடக்ட்' என்னும் பட்டியலை வினவுவது. அப்படி வினவினால், பட்டியல் தருவதற்கு முன் விண்டோஸ் ஒவ்வொரு நிரலையும் சரிபார்த்து, குறை கண்டால் பழுதும் நீக்கிவிடும். யார் யார் இருக்கிறீர்கள் என்று வாசலில் நின்று கேட்ட பாவத்துக்கு, வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் எழுந்து வேலை செய்யத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி கேட்டவரோ அவர்களை வெளியேற்றத்தான் வந்திருப்பார்.

(இந்த வேலைக்கான கருவிகளில் ஒன்று சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவிலிருந்து உலகெங்கும் போகிறது. முன்பு டெஸ்க்டாப் சென்ட்ரல், இப்போது எண்ட்பாயிண்ட் சென்ட்ரல். தடை செய்யப்பட்ட மென்பொருளைக் கண்டதும் தானாக நீக்கும் வசதி அதில் உண்டு. நம் அலுவலகத்தில் இருந்தது அதுவன்று.)

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு வருவோம். அது போக மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் அதைத் திட்டுவது அழகல்ல. ஒரு கணிப்பொறிக்குள் நுழையும் தீநிரல் முதலில் செய்ய விரும்புவது காவற்காரனைக் கொல்வது. ஆகவே காவற்காரன் எளிதில் சாகாதபடி கட்டப்பட்டிருக்கிறான். இயங்குதளத்தின் அடியாழத்தில், கெர்னல் எனப்படும் கருவறையில், ஓட்டி ஒன்றை வைத்திருப்பான். நிறுத்தச் சொன்னால் நிற்கமாட்டான், நின்றாலும் கூட்டாளி எழுப்பிவிடுவான். இயந்திரத்தின் நிர்வாகியே வந்து கேட்டாலும் கடவுச்சொல் கேட்பான், ஏனென்றால் திருடனும் நிர்வாகியின் வேடத்தில்தான் வருவான். இந்தப் பிடிவாதத்தின் காரணமாகவே பெரிய வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் பலவும் தம் சொந்த மென்பொருளை நீக்குவதற்குத் தனி நீக்கக் கருவிகளை வெளியிட நேர்ந்தது. அலுவலக ஏற்பாட்டில் வரிசையும் முக்கியம். சர்வரோடு பேசும் முகவர் நிரல் ஒன்று ஒவ்வோர் இயந்திரத்திலும் இருக்கும். காவல் நிரலை முதலில் நீக்கி, முகவரை அடுத்து நீக்கி, சர்வரைக் கடைசியில் அணைக்க வேண்டும். நம் அலுவலகத்தார் தலையிலிருந்து தொடங்கினார்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டியவர்களுக்கு இது புரியும். அரசே விதைத்தது, விறகாயிற்று, வேலியாயிற்று. பின்னர் அதை அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து நாலு கிளை புறப்படுகிறது.

2005 அக்டோபர் 31 அன்று மார்க் ரஸ்ஸினோவிச் தம் வலைப்பதிவில் எழுதிய கட்டுரை அலுவலகக் கணிப்பொறியைப் பற்றியதல்ல என்றாலும் இங்கே நினைவுகூர வேண்டியது. சோனி பிஎம்ஜி விற்ற இசைத் தகடு ஒன்று, நகலெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, தன்னை மறைத்துக்கொள்ளும் நிரலைக் கணிப்பொறியில் இறக்குவதை அவர் கண்டுபிடித்தார். அதைக் கையால் பிடுங்கினால் குறுந்தகட்டு இயக்கியே கணிப்பொறியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எதிர்ப்பு வலுத்தபின் ஒரு நீக்கக் கருவி வந்தது. அந்தக் கருவியோ, எந்த வலைத்தளமும் நம் கணிப்பொறியில் எதையும் ஓட்டும்படியான ஓட்டையை விட்டுச் சென்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெல்டனும் ஹால்டர்மனும் இதை வெளிப்படுத்தினார்கள். மருந்தையும் நீக்க வேண்டியதாயிற்று.

இனி நாம் தங்கி நின்று பார்க்க வேண்டிய நிகழ்ச்சி. ஓர் அரசு தன் கணிப்பொறிகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரு மென்பொருளை அகற்றச் சொன்ன கதை.

காஸ்பர்ஸ்கி நிறுவனம் 1997ல் மாஸ்கோவில் தொடங்கியது. அதன் வைரஸ் தடுப்பு மென்பொருள் தரத்தில் முன்னணியில் இருந்தது என்பதை அதன் எதிரிகளும் மறுத்ததில்லை. அமெரிக்க அரசு அலுவலகங்கள் சிலவற்றிலும் அது காவலிருந்தது. 2017 ஜூலையில் அரசுக் கொள்முதல் பட்டியலிலிருந்து அதன் பெயர் எடுக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 13 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு கட்டாய ஆணையைப் பிறப்பித்தது. மத்திய அரசு நிறுவனங்கள் 30 நாட்களுக்குள் தம் இயந்திரங்களில் காஸ்பர்ஸ்கி எங்கெங்கே இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். 60 நாட்களுக்குள் நீக்கத் திட்டம் வகுக்க வேண்டும். 90 நாட்களில், வேறு உத்தரவு வராத பட்சத்தில், நீக்கத் தொடங்க வேண்டும்.

காரணமாகச் சொல்லப்பட்டதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்த மென்பொருள் இன்ன குற்றம் செய்தது என்று ஆணை சொல்லவில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் உரிமையும் உயர்ந்த அதிகாரமும் இருக்கின்றன. ரஷ்யச் சட்டம் அந்நாட்டு நிறுவனத்தை உளவுத்துறைக்கு உதவக் கட்டாயப்படுத்த முடியும். இவ்விரண்டும் சேர்வதே ஆபத்து என்றது. காவற்காரனிடம் சாவி இருப்பதுதான் குற்றம். சாவி எல்லாக் காவற்காரர்களிடமும் இருக்கிறது. இவன் ஊர் வேறு.

அடுத்த மாதமே வெளிவந்த செய்திகள் இந்த ஆபத்து எப்படிப்பட்டது என்பதைக் காட்டின. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் பணிபுரிந்த ஒருவர் ரகசிய நிரல்களை வீட்டுக் கணிப்பொறிக்குக் கொண்டுபோயிருந்தார். அந்தக் கணிப்பொறியில் காஸ்பர்ஸ்கி இருந்தது. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, அதன் மென்பொருள் 2014ல் அங்கே தான் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த வகையைச் சேர்ந்த தீநிரலைக் கண்டது. எப்போதும் செய்வதுபோல் ஒரு மாதிரியைத் தலைமையகத்துக்கு அனுப்பியது. பிரித்துப் பார்த்தால் மூல நிரலே இருந்தது. யூஜின் காஸ்பர்ஸ்கி அதை அழிக்கச் சொல்லிவிட்டார். இடையில் அந்த மனிதர் திருட்டு ஆஃபீஸ் மென்பொருளுக்குச் சாவி உண்டாக்கும் நிரலை ஓட்டுவதற்காகக் காவலை அணைத்துவைத்தார் என்றும், அந்த நிரலோடு வேறொரு தீநிரல் உள்ளே வந்தது என்றும் அதே விளக்கம் சொல்லிற்று. ரஷ்ய உளவாளிகள் காஸ்பர்ஸ்கி வழியாகத் தேடியதை இஸ்ரேலிய உளவுத்துறை அதே நிறுவனத்துக்குள் புகுந்து பார்த்துக்கொண்டிருந்தது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் தனக்கு அதில் பங்கில்லை என்று மறுத்தது. யார் சொல்வது உண்மை என்பதை விட்டுவிட்டாலும் ஒன்று எஞ்சுகிறது: மென்பொருள் தன் கடமையைச் சரியாகச் செய்ததே இத்தனைக்கும் போதுமானதாயிருந்தது. ரகசியத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவருக்கு 2018ல் ஐந்தரை ஆண்டுச் சிறை.

நீக்கும் வேலை எப்படி நடந்தது? 2017 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்த அதிகாரி, பதில் தந்த அரசு நிறுவனங்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தில் ஏதேனும் தடயம் இருந்ததாகச் சொன்னார். பெரிய எண்ணிக்கை அல்ல. கடினம் வேறிடத்தில் இருந்தது. காஸ்பர்ஸ்கி தன் சோதனை எந்திரத்தைப் பிற நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுத்து விற்றிருந்தது. தீச்சுவர்ப் பெட்டிகள், அஞ்சல் வடிகட்டிகள் எனப் பிறர் பெயர் தாங்கிய பொருள்களுக்குள் அதன் நிரல் கலந்திருந்தது. செப்டம்பர் ஆணை அறிவாளித்தனமாக இதைத் தொடவில்லை. பிறர் பொருள்களில் பொதிந்திருக்கும் நிரல் இந்த ஆணைக்குள் அடங்காது என்று விலக்கிவிட்டது. ஆனால் 2017 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் செலவினச் சட்டம், முழுவதுமோ ஒரு பகுதியோ காஸ்பர்ஸ்கி உருவாக்கிய எந்த வன்பொருளையும் மென்பொருளையும் சேவையையும் 2018 அக்டோபர் 1 முதல் மத்திய அரசு பயன்படுத்தக் கூடாது என்றது. ஒரு பகுதியோ என்ற சொற்கள் போதும். சாம்பாரிலிருந்து பெருங்காயத்தை எடுக்கச் சொன்ன கதைதான். பெருங்காயம் எந்தச் சாம்பாரில் இருக்கிறது என்பதே முதலில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. இன்று மென்பொருளுக்கு உட்பொருள் பட்டியல் கேட்கும் வழக்கம் பரவியிருப்பதற்கு இப்படிப்பட்ட சங்கடங்களும் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நிறுவனம் வழக்குத் தொடுத்தது. விசாரணையின்றி ஒருவரைப் பெயர் குறித்துத் தண்டிக்கும் சட்டத்தை அமெரிக்க அரசியல் சாசனம் தடுக்கிறது; இது அப்படிப்பட்ட சட்டம் என்பது வாதம். 2018 மே 30 அன்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது; மேல்முறையீடும் அதே ஆண்டு தோற்றது. நீக்குதல் தண்டனை அல்ல, முன்னெச்சரிக்கை என்பது நீதிமன்றத்தின் பார்வை. நியாயமான தீர்ப்பென்றே நமக்கும் படுகிறது, ஆனால் நீக்கப்பட்டவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிவது கடினம்.

கதை அத்தோடு நிற்கவில்லை. 2024 ஜூன் 20 அன்று அமெரிக்க வணிகத் துறை, அரசு அலுவலகங்களுக்கு மட்டுமன்றி நாட்டில் எவருக்குமே காஸ்பர்ஸ்கி மென்பொருளை விற்கக் கூடாதென்றது. அதே ஆண்டு செப்டம்பர் 29க்குப் பிறகு புதுப்பிப்புகளும் கூடாது. புதுப்பிப்பில்லாத காவற்காரன் உறங்கும் காவற்காரன். அந்தக் கெடு நெருங்கிய செப்டம்பரில், வீடுகளில் அதைப் பயன்படுத்திய அமெரிக்க வாடிக்கையாளர் பலர் ஒருநாள் கணிப்பொறியைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கி இல்லை. அந்த இடத்தில் அல்ட்ராஏவி என்னும், பலர் கேள்விப்பட்டிராத வேறொரு மென்பொருள் உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர்கள் மாற்றப்படுவதாக மின்னஞ்சல் போயிருந்தது உண்மையே. தானே நீங்கித் தானே இன்னொன்றை நிறுவிவிடும் என்று அவர்களில் பலர் எதிர்பார்க்கவில்லை. ஏறத்தாழ பத்து லட்சம் வாடிக்கையாளர்கள் இவ்வாறு கைமாறினார்கள். ஏழாண்டுகளுக்கு முன் ஆணை எழுதியவர்கள் அஞ்சியது எந்த ஆற்றலை என்பதை, போகும்போது அந்த மென்பொருளே செய்துகாட்டிவிட்டுப் போயிற்று.

நடுவிலிருந்து வரும் கட்டளை தவறாகிப் போனால் என்னவாகும் என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய 5958 என்ற எண்ணிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நிலையான 'எஸ்விசிஹோஸ்ட்' என்னும் கோப்பை வைரஸ் என்று கருதி அப்புறப்படுத்தியது. நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் எழுவதும் விழுவதுமாய் இருந்தன. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சில மருத்துவமனைகள் அவசரமற்ற அறுவை சிகிச்சைகளை ஒத்திவைத்தன. 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், விண்டோஸ் 7 நிறுவுவதற்கான கட்டளைத் தொடர் ஒன்று தவறுதலாக எல்லா விண்டோஸ் இயந்திரங்களுக்கும் போயிற்று. அதன் முதல் படி வட்டைத் துடைப்பது. மடிக்கணினி, மேசைக்கணினி, சர்வர் என்று வேறுபாடு பாராட்டாமல் துடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கட்டளையை அனுப்பிய சர்வரையும் துடைத்துவிட்டது. அதைச் செய்தவர் அன்றிரவு எப்படி உறங்கியிருப்பார் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் ஊர்க் கணக்கில் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் 'ஃபால்கன்' காவல் மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பியது. உள்ளடக்கக் கோப்பு 21 புலங்களை எதிர்பார்த்தது. அதை வாசித்த நிரலோ 20 மட்டுமே தந்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நினைவகத்தின் எல்லை தாண்டிக் கைநீட்டியபோது, கருவறையில் இருந்த ஓட்டி இடறி விழ, விண்டோஸும் கூடவே விழுந்தது. காலை 10.57க்கு நிறுவனம் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. 78 நிமிடங்கள். அதற்குள் விழுந்த இயந்திரங்கள், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில், 85 லட்சம். டெல்டா விமான நிறுவனம் மட்டும் அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது.

தீர்வு என்ன? ஒரு கோப்பை நீக்குவது. சி-00000291 என்று தொடங்கும் கோப்பு. டெல்ட்ரீ காலத்து மனிதருக்கும் தெரிந்த வேலை. ஆனால் வந்ததைப் போல் அதைப் போகச் செய்ய முடியாது, ஏனெனில் கட்டளையைக் கேட்க இயந்திரம் விழித்திருக்க வேண்டும். அது எழும்போதே விழுகிறது. ஒருவர் இயந்திரத்தின் முன் வந்து நின்று, பாதுகாப்பு நிலையில் அதை எழுப்பி, கோப்பைக் கையால் அழிக்க வேண்டும். அதற்கும் ஒரு பூட்டு: வட்டுகள் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கச் சாவி வேண்டும். சாவிகள் சர்வரில் இருந்தன; சில இடங்களில் அந்தச் சர்வரும் விழுந்துகிடந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு தணிக்கை நிறுவனத்தார் சாவிகளைப் பட்டைக்குறிகளாக மாற்றி, கடையில் பொருள்களுக்கு விலை போடும் ஸ்கேனரால் படிக்கவைத்து, எழுத்துப் பிழையின்றி விரைவாய் முடித்தார்கள். இந்தச் சரித்திரம் முழுவதிலும் நமக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுதான். மேகக் கணிமையில் இயங்கிய இயந்திரங்களுக்கோ, அணைத்து அணைத்துப் போடுங்கள், 15 முறை வரைகூடத் தேவைப்படலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவுரை சொன்னது. வீட்டில் வானொலியின் தலையில் தட்டுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

2010ல் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் 2024ல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர். இதைச் சிலர் விதி என்றும் வேறு சிலர் பாடம் கற்காமை என்றும் எழுதினார்கள். நமக்கு இரண்டும் மிகை என்றே படுகிறது. எல்லா இயந்திரங்களையும் ஒரே நொடியில் தொட முடிகிற ஏற்பாட்டை இரண்டு முறை நடத்தியவர் அவர். அப்படி நடத்துகிறவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. காவல் மென்பொருள்கள் கருவறைக்கு வெளியே நின்று வேலை செய்ய வழிசெய்வதாக 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வெளியே நிற்பவனை வெளியேற்றுவது எளிது.

நம் அலுவலகத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. நிர்வாகம் கடைசியில் ஓர் இளைஞரை ஒப்பந்தத்தில் அமர்த்தியது. கையில் ஓர் அச்சிட்ட பட்டியல், சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ். தரைத்தளத்தில் தொடங்கி ஒவ்வோர் இயந்திரமாய்ப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, பழைய மென்பொருளின் நீக்கக் கருவியை ஓட்டி, மறுதொடக்கம் செய்து, பட்டியலில் ஒரு கோடு போடுவார். மூன்று வாரம் ஆயிற்று. நம் மேசைக்கு வந்த அன்று திரையில் பாதிக் கதை திறந்திருந்தது. கலப்பையைக் கண்டார். அதையும் எடுத்துவிடச் சொல்லிப் பட்டியலில் இருந்ததா என்று கேட்டோம். தெரியாது சார், எனக்குக் கொடுத்த பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் என்றார். வேலையை முடித்துக் கோடு போட்டுவிட்டு, அடுத்த மேசைக்குப் போகுமுன், இது எந்த விசைப்பலகை, அழகியா, பாமினியா என்று விசாரித்தார். ஒலிபெயர்ப்பு முறை என்றோம். பென் டிரைவை நீட்டி, அதை இதில் போட்டுக் கொடுங்கள் என்றார்.